ஏரி காத்த கொடிகள்

திராட்சைக் கொடி ஓர் ஊரில் நிலைக்க என்னென்ன வேண்டும் என்று கேட்டால், மண் வேண்டும், வெயில் வேண்டும், தண்ணீர் வேண்டும் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியில் 'விரல் ஏரிகள்' என்று ஒரு வட்டாரம் உண்டு. அங்கே போய்ப் பார்த்தால் இந்த விடை போதாது என்று தெரியும். குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸுக்கும் அப்பால் இறங்கக்கூடிய சீமை அது. ஐரோப்பியத் திராட்சை அந்தப் பக்கம் பிழைக்கவே பிழைக்காது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். இன்றைக்கு அதே ஏரிக்கரைகளில் நூற்றுக்கு மேற்பட்ட ஒயின் ஆலைகள் நடக்கின்றன. கொடியைக் காப்பாற்றியவை மூன்று: ஓர் ஏரி, ஓர் ஒட்டு, ஒரு சட்டம். இந்த மூன்றையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பூர்வீகம் வந்தவாசிப் பக்கம். தமிழ்ச் சமணக் குடும்பம். மது எங்கள் வீட்டு வாசற்படி ஏறியதில்லை. பெங்களூரில் நாற்பது ஆண்டுகளாகத் தானிய வியாபாரம். ஆகவே இது குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல, ஒரு பயிரையும் ஒரு தொழிலையும் பற்றிய கட்டுரை. 2023 அக்டோபரில் ராச்செஸ்டரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து ஏரிகளைச் சுற்றி நாலைந்து ஒயின் ஆலைகளைப் பார்த்து, அதை நடத்துகிறவர்களோடு பேசினேன். "அப்பா, குடிக்காதவங்க அங்க போய் என்ன பண்ணப் போறீங்க?" என்று மகள் கேட்டாள். "அரிசி ஆலைக்குப் போறவன் எல்லாம் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுட்டா வர்றான், தொழிலைப் பார்க்கத்தானே போறோம்" என்றேன்.

விரல்கள் போல் பதினோரு ஏரிகள்

வடக்கு தெற்காக நீண்டு, ஒடுங்கி, ஒன்றுக்கொன்று பக்கத்தில் கிடக்கும் பதினோரு ஏரிகள் இவை. வரைபடத்தில் பார்த்தால் விரித்து வைத்த விரல்கள் போல இருக்கும். அதனால் வந்த பெயர். பனி யுகத்தில் வடக்கிலிருந்து இறங்கிய பிரம்மாண்டமான பனிப்பாளங்கள் பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளை உளியால் குடைந்தது போல் ஆழப்படுத்திவிட்டுப் போயின. அந்தக் குழிகளில் நின்ற தண்ணீர்தான் இந்த ஏரிகள்.

இவற்றில் பெரியவை செனெகாவும் கயூகாவும். இரண்டும் சுமார் 60 கிலோமீட்டர் நீளம். அகலம் சில கிலோமீட்டர்தான். செனெகா ஏரியின் ஆழத்தைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். 618 அடி! அதன் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 445 அடியில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏரியின் அடித்தரை கடல்மட்டத்துக்கும் கீழே 170 அடிக்கு மேல் போகிறது. கயூகாவின் ஆழம் 435 அடி. மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது கியூகா ஏரி. ஆங்கில 'ஒய்' எழுத்துப் போலக் கிளை பிரிந்தது. இந்த வட்டாரத்தில் ஒயின் தொழில் பிறந்தது அதன் தென்முனையில் உள்ள ஹேமண்ட்ஸ்போர்ட் என்னும் சிற்றூரில்தான்.

செனெகா, கயூகா என்பவை அங்கே காலம் காலமாக வாழ்ந்த பூர்வகுடி மக்களின் பெயர்கள். 1779-இல் அமெரிக்க விடுதலைப் போரின்போது தளபதி சல்லிவனின் படை அவர்கள் ஊர்களையும் பழத்தோட்டங்களையும் எரித்து அழித்தது. ஏரிகளின் அழகைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்று திராட்சை பழுக்கும் சரிவுகளில் அதற்கு முன்பே ஒரு மக்கள் பயிர் வைத்திருந்தார்கள்.

ஏரி என்ன செய்கிறது?

ஏரி கொடிக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மழையே போதுமான ஊர் அது. ஏரி செய்வது வேறு வேலை. வெப்பத்தைச் சேர்த்து வைத்து, வேண்டிய நேரத்தில் திருப்பிக் கொடுக்கிறது. நம்ம பாஷையில் சொன்னால், கோடையில் வரவு வைத்துக் குளிர்காலத்தில் பற்று எழுதும் பேரேடு அது.

தண்ணீர் மெல்லச் சூடாகும், மெல்லத்தான் ஆறும். கோடை முழுக்க வெயிலை வாங்கிக்கொண்ட ஏரி, இலையுதிர் காலத்தில் காற்று குளிர்ந்த பிறகும் கரையோரத்தைக் கதகதப்பாக வைத்திருக்கிறது. அதனால் பழம் பழுக்கக் கூடுதலாகச் சில வாரங்கள் கிடைக்கின்றன.

அடுத்தது குளிர்காலம். தண்ணீருக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. 4 டிகிரி செல்சியஸில்தான் அதன் அடர்த்தி மிக அதிகம். மேல்மட்டத் தண்ணீர் குளிர்ந்தால் கனத்துக் கீழே இறங்கும், கீழே இருக்கிற சற்றே வெதுவெதுப்பான தண்ணீர் மேலே வரும். அடிமுதல் நுனிவரை எல்லாம் 4 டிகிரிக்கு வந்த பிறகுதான் மேல்பரப்பு உறையத் தொடங்க முடியும். 600 அடி ஆழத் தண்ணீர் அந்த நிலைக்கு வருவதற்குள் குளிர்காலமே பெரும்பாலும் கழிந்துவிடும். அதனால்தான் செனெகா ஏரி முழுவதும் உறைந்துபோவது மிக அபூர்வம். உறையாத தண்ணீர் மேலே உள்ள காற்றைச் சூடாக்கிக்கொண்டே இருக்கிறது.

மூன்றாவது உதவி வசந்தத்தில். அப்போது ஏரி தலைகீழாக வேலை செய்கிறது. கரை வெயிலில் சூடாகும்போது ஏரி இன்னும் சில்லென்று இருக்கும். அதனால் கரையோரக் கொடிகள் அவசரப்பட்டுத் துளிர்விடுவதில்லை. உறைபனி ஆபத்து நீங்கும்வரை மொட்டு தூங்குகிறது.

சரிவான நிலமும் இதற்குத் துணை. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலப் பள்ளத்துக்கு ஓடும். கொடிகளின் நடுவே தங்காமல் ஏரியை நோக்கி வழிந்துவிடும். செனெகாவின் கிழக்குக் கரையில் ஒரு பகுதியை ஊர்க்காரர்கள் வேடிக்கையாக 'வாழை வட்டாரம்' என்கிறார்கள். வாழை அங்கே முளைக்காது. மேற்கிலிருந்து வீசும் காற்று ஏரியைக் கடந்து வருவதால் அந்தப் பக்கம் கொஞ்சம் சூடு அதிகம், அவ்வளவுதான்.

முதல் கொடியும் நம்ம ஊர்த் திராட்சையும்

1829-இல் ஹேமண்ட்ஸ்போர்ட் தேவாலயப் பாதிரியார் வில்லியம் பாஸ்ட்விக், தம் இல்லத் தோட்டத்தில் கடாபா, இசபெல்லா என்னும் இரண்டு ரகங்களை நட்டார். அதுதான் தொடக்கம் என்பார்கள். 1860-இல் அதே ஊரில் பிளசன்ட் வேலி என்னும் ஒயின் நிறுவனம் எழுந்தது.

இசபெல்லா என்ற பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். பெங்களூர்ச் சந்தையில் கறுநீலத்தில், தோல் தடித்து, புளிப்பும் இனிப்பும் கலந்து, தனி வாசனையோடு விற்கிறதே 'பெங்களூர் புளூ', அதுவும் இந்த இசபெல்லாவும் ஒன்றே என்று தோட்டக்கலை நூல்கள் சொல்கின்றன. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் ரத்தம் கலந்த ரகம் அது. சிக்கபள்ளாப்பூர்த் தோட்டத்தில் தொங்கும் குலைக்கும் கியூகா ஏரிக்கரைக்கும் இப்படி ஓர் உறவு இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அமெரிக்க மண்ணின் கொடிகள் குளிரைத் தாங்கும், பூச்சியையும் தாங்கும். ஆனால் அவற்றின் பழத்தில் ஒரு காட்டு வாசனை உண்டு. பழமாகவும் சாறாகவும் அது பலருக்குப் பிடிக்கும். ஒயினில் ஐரோப்பியச் சுவைக்குப் பழகியவர்களுக்குப் பிடிக்காது. ஐரோப்பிய இனக் கொடிகளுக்கு விளைச்சலின் தரம் உண்டு, தாங்கும் சக்தி கிடையாது. வேரை உறிஞ்சும் பிலாக்ஸெரா என்ற பூச்சி, பூஞ்சை நோய், கடுங்குளிர் எல்லாம் சேர்ந்து அவற்றை அழித்துக்கொண்டே இருந்தன.

1920 ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1933 டிசம்பரில்தான் நீங்கியது. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் பல ஆலைகள் மூடிப்போயின. தேவாலய வழிபாட்டுக்கு உரிய ஒயினும் புளிக்காத திராட்சைச் சாறும் செய்து சில ஆலைகள் மட்டும் உயிர் தரித்தன.

ஒட்டுக்கொடி

இனி வருவது ஒரு மனிதரின் கதை. பிறந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்தவர்கள் அவசியம் அறிய வேண்டிய கதையும் கூட.

கான்ஸ்டன்டின் ஃபிராங்க் 1899-இல், இன்றைய உக்ரைனில் ஒடெசாப் பக்கத்தில், ஜெர்மானிய வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். குளிர் நாட்டில் ஐரோப்பியத் திராட்சையைக் காப்பது எப்படி என்பதில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, அங்கே பெரிய தோட்டங்களில் வேலை பார்த்தவர். போரில் எல்லாம் சிதைந்து, 1951-இல் மனைவி மக்களோடு நியூயார்க்கில் வந்து இறங்கினார். வயது 50-ஐத் தாண்டிவிட்டது. பல மொழிகள் தெரியும், ஆங்கிலம் மட்டும் தெரியாது. உணவு விடுதியில் தட்டுக் கழுவினார். பிறகு செனெகா ஏரியின் வடமுனையில் உள்ள ஜெனீவா ஊருக்கு வந்து, அங்கிருக்கும் மாநில வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை கேட்டார். கிடைத்தது புளூபெர்ரிப் பாத்தியில் களை கொத்தும் வேலை.

ஐரோப்பியத் திராட்சையை இங்கே வளர்க்க முடியும் என்று அவர் சொன்னபோது யாரும் காது கொடுக்கவில்லை. "எங்கள் ஊரில் இதைவிடக் குளிர், எச்சில் தரையில் விழுமுன் உறையும், அங்கேயே வளர்த்தேன்" என்ற பொருளில் அவர் வாதாடியதாகச் சொல்வார்கள். காது கொடுத்தவர் சார்லஸ் ஃபூர்னியே. அவரும் வெளியூர்க்காரர்தான். பிரான்சில் புகழ்பெற்ற ஷாம்பெயின் நிறுவனத்தில் ஒயின் செய்தவர். 1934-இல் ஹேமண்ட்ஸ்போர்ட் ஆலைக்கு வந்தார். அந்த ஆலை பிற்காலத்தில் கோல்ட் சீல் என்று பெயர் பெற்றது. இருவருக்கும் பிரெஞ்சு தெரியும். பேச ஒரு பாஷை கிடைத்ததும் காரியம் நடக்க ஆரம்பித்தது.

ஃபிராங்க் கண்ட வழி ஒட்டுக் கட்டுவது. ஒட்டு என்பதே புதிது அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் பிலாக்ஸெரா பூச்சி அமெரிக்காவிலிருந்து போய் பிரான்ஸ் நாட்டுத் தோட்டங்களை அழித்தபோது, அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டித்தான் தப்பித்தார்கள். ஃபிராங்க் கவனித்தது வேர்ச்செடியின் இன்னொரு குணத்தை. சில வேர்ச்செடிகள் கொடியின் வளர்ச்சியைச் சீக்கிரம் முடித்து, குளிர் வருமுன் தண்டை முற்ற வைத்துவிடும். முற்றின தண்டு குளிரைத் தாங்கும், இளந்தண்டு செத்துவிடும். அப்படிப்பட்ட வேர்ச்செடியைத் தேடிக் கனடாவின் கியூபெக் வரை போனார்கள். பல வேர், பல ரகம் என்று மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கில் ஒட்டுக் கட்டினார்கள்.

1957 குளிர்காலம் பரீட்சை வைத்தது. பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது ஏறத்தாழ மைனஸ் 32 செல்சியஸ் வரை இறங்கியது. தாங்கும் என்று நம்பியிருந்த உள்ளூர் ரகங்களிலேயே மொட்டுகள் கருகின. ஃபிராங்க் ஒட்டிய ரீஸ்லிங், ஷார்டனே கொடிகளோ பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. 1962-இல் கியூகா கரையில் சொந்தமாகவே ஆலை தொடங்கினார். 1985-இல் அவர் காலமானார். அந்த ஆலையில் இப்போது அவர் குடும்பத்தின் நான்காம் தலைமுறை வேலை செய்கிறது.

இன்னும் ஒரு வேலை ஆண்டுதோறும் நடக்கிறது. ஒட்டுப் போட்ட இடம் கொடியிலேயே மென்மையான இடம். அறுவடை முடிந்ததும் குளிருக்கு முன்னால் ஒவ்வொரு கொடிக்கும் மண் அணைத்து அந்த ஒட்டை மூடுகிறார்கள். வசந்தத்தில் மண்ணைத் தள்ளித் திறக்கிறார்கள். கரும்புக்கும் வாழைக்கும் நம் உழவர் மண் அணைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே ஒட்டு உயிரோடு இருக்கவே மண் அணைக்கிறார்கள்.

ஒரு சட்டம், ஒரு பெயர்

வேர் பிடித்துவிட்டால் போதுமா? விற்க வேண்டுமே. 1970-களில் அங்கே பெரிய ஆலைகள் சிலவே. உழவர்கள் பழத்தை அவர்களிடம்தான் போட்டாக வேண்டும். அவர்கள் சொன்னதுதான் விலை. கொள்முதலைக் குறைத்தால் பழம் கொடியிலேயே அழுகும். மண்டியில் நிற்கிற எவருக்கும் இந்த நிலைமை புரியும். வாங்குகிறவன் ஒருவன், விற்கிறவர் நூறு பேர் என்றால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவா வேண்டும்? சிறு உழவர் தாமே ஒயின் செய்து தம் வாசலில் விற்பது அன்றைய உரிமச் சட்டங்களில் கட்டுப்படி ஆகாத காரியம்.

1976-இல் நியூயார்க் மாநிலம் 'பண்ணை ஒயின் ஆலைச் சட்டம்' கொண்டுவந்தது. ஆண்டுக்கு 50,000 காலனுக்குள் உற்பத்தி செய்யும் சிறு பண்ணைகள், மாநிலத்தில் விளைந்த பழத்தில் ஒயின் செய்து, வருகிறவர்களுக்கு நேரே விற்கலாம் என்று அனுமதித்தது. அப்போது மாநிலம் முழுவதும் 20-க்கும் குறைவான ஆலைகள். இன்று 400-க்கு மேல். ஒரு டன் பழத்தில் 600 முதல் 700 லிட்டர் வரை ஒயின் இறங்கும், 750 மில்லி புட்டியில் 800-க்கு மேல். பழத்தை எடை போட்டு விற்பதற்கும் புட்டியை எண்ணி விற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆலைகள் தனித்தனியே கடை விரிக்காமல் சேர்ந்தும் நின்றன. 1983-இல் கயூகா ஏரிக்கரை ஆலைகள் ஒன்றுகூடி 'ஒயின் பாதை' என்று ஒரு வழி வகுத்தன. அமெரிக்காவில் இந்த மாதிரி முயற்சிகளில் முதலாவது இது என்பார்கள். செனெகா ஆலைகள் 1986-இல் தங்கள் பாதையை அமைத்தன. பக்கத்துக் கடைக்காரரைப் போட்டியாளராகப் பார்க்காமல், "அடுத்து அவரிடமும் போய்ப் பாருங்கள்" என்று வழி சொல்லி அனுப்புகிறார்கள். நான் போன ஒவ்வோர் இடத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். நம்ம வணிக வீதிகளில் நான் அதிகம் கண்டதில்லை.

பெயர் பற்றி ஒரு வழக்கும் உண்டு. வியாபாரிகள் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியது. வால்ட்டர் டெய்லர் என்பவர் அந்த ஊர்ப் பெரிய ஒயின் நிறுவனத்தை ஆரம்பித்த குடும்பத்துப் பேரன். தொழில் நடத்தும் முறையைப் பகிரங்கமாகக் கண்டித்ததால் 1970-இல் நிறுவனம் அவரை வெளியேற்றியது. புல்லி ஹில் என்னும் தம் ஆலையைத் தனியே நடத்தினார். 1977-இல் கோக்ககோலா நிறுவனம் டெய்லர் நிறுவனத்தை வாங்கியது. டெய்லர் என்ற பெயரைப் புட்டியில் போடக்கூடாது என்று இவர்மேல் வழக்குத் தொடுத்து வென்றது. தகப்பனும் பாட்டனும் கொடுத்த பெயர், ஆனால் வணிக முத்திரையாக விற்றாயிற்று! அவர் சளைக்கவில்லை. சீட்டுகளில் பெயரைக் கறுப்பு மையால் அழித்துவிட்டு விற்றார். ஆட்டுக்கிடாய் படம் போட்டு, பெயரைப் பறித்தவர்களை நையாண்டி செய்தார். சனங்கள் அதைப் பார்க்கவே கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பழைய பெரிய டெய்லர் ஆலை பல கை மாறி 1990-களில் மூடப்பட்டது. சிறியவர் ஆலை நிலைத்தது.

ஆலைக்குள்ளே

செனெகாவின் கிழக்குக் கரையில் ஒரு சிறு ஆலையில் ஒயின் செய்கிறவரோடு அரை நாள் இருந்தேன். அறுவடைக் காலம். கைகள் இரண்டும் கறை. ஆனாலும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

வெள்ளை ஒயினுக்குப் பழத்தை நசுக்கி உடனே பிழிந்து சாற்றை மட்டும் எடுக்கிறார்கள். சிவப்புக்குத் தோலோடு ஊற வைக்கிறார்கள், நிறம் தோலில் இருந்துதான் வருகிறது. சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. நூற்றுக்கு 20 பங்கு சர்க்கரை உள்ள சாறு முழுக்க நொதித்தால் 11 முதல் 12 சதவீதம் ஆல்கஹால் வரும். பாதியில் குளிரவைத்து நிறுத்தினால் இனிப்பு மிஞ்சும். இந்த வட்டாரத்தின் முதன்மை ரகமான ரீஸ்லிங்கைப் பளபளக்கும் எஃகுத் தொட்டிகளில் குளிர்ச்சியாக, மெதுவாக நொதிக்கவிடுகிறார்கள். குளிர்ந்த ஊர் ஆகையால் பழத்தில் புளிப்பு நிற்கும். அந்தப் புளிப்பே ரீஸ்லிங்கின் உயிர் என்றார்.

பத்தாம் நூற்றாண்டுச் சமண ஆசாரியர் அமிர்தசந்திரர், தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில், மது பல உயிர்கள் பிறக்கும் இடம், அதனால் அதில் கொலை உண்டு என்று விலக்குக்குக் காரணம் காட்டுகிறார். நுண்ணோக்கி இல்லாத காலம் அது. அந்த ஒயின்காரர் தொட்டியைத் தட்டி, இதற்குள் கோடிக்கணக்கில் உயிர் இருக்கிறது, அவை வேலை செய்கிற சத்தம்தான் இது என்று காட்டியபோது எனக்கு ஆசாரியரின் வாக்கு நினைவுக்கு வந்தது. அவரிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே சொன்னாரா என்று இரண்டு தடவை கேட்டார்.

தெளியவைப்பது அடுத்த வேலை. புது ஒயின் கலங்கலாக இருக்கும். அதைத் தெளிவிக்க வழிவழியாக முட்டை வெண்கரு, மீனின் காற்றுப் பையிலிருந்து எடுக்கும் பசை, பால்புரதம், ஜெலட்டின் ஆகியவற்றைச் சேர்ப்பது உண்டு. அவை கசடைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும். இப்போது பலர் பென்டொனைட் என்னும் களிமண்ணையே பயன்படுத்துகிறார்கள். இவரும் அப்படித்தான். நம் பழந்தமிழில் 'தேறல்' என்ற சொல் உண்டு. தேறுதல் என்றால் தெளிதல், தேறல் என்றால் தெளிந்த மது. யவனர் கலத்தில் கொண்டுவந்த தேறலைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டு குறிப்பிடுகிறது. அயலூர்ச் சரக்குக்கு நம் முன்னோர் வைத்த பெயரிலேயே அதன் செய்முறை அடங்கியிருக்கிறது.

சுவை பார்க்கும் கூடத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஐந்தாறு வகையைச் சிறிது சிறிதாக ஊற்றுகிறார்கள். மேஜையில் துப்புவதற்கும் ஒரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள். குடிக்காதவரை யாரும் ஏளனமாகப் பார்க்கவில்லை. எனக்குத் திராட்சைச் சாறு கொடுத்தார்கள்.

சாறும் ஒரு வழி

அந்தச் சாற்றுக்கும் சரித்திரம் உண்டு. 1849-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்ட் ஊரில் இஃப்ரைம் புல் என்பவர் உருவாக்கிய கான்கார்ட் ரகம் குளிருக்கு அஞ்சாதது. 1869-இல் நியூஜெர்சியில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர், தம் தேவாலய வழிபாட்டில் மது வேண்டாம் என்று, பாஸ்டர் கண்ட முறையில் சாற்றைச் சூடாக்கி ஈஸ்டை அழித்து, புளிக்காத சாற்றைப் புட்டியில் அடைத்தார். அவர் மகன் 1897-இல் தொழிலை நியூயார்க் மாநிலத்தின் ஈரி ஏரிக்கரைக்குக் கொண்டுவந்தார். அங்கும் ஏரிதான் கொடியைக் காக்கிறது. 1956 முதல் அந்த நிறுவனம் திராட்சை உழவர்களின் கூட்டுறவுக்கே சொந்தம். விரல் ஏரிகளில் நேப்பிள்ஸ் என்ற ஊரில் கான்கார்ட் பழத்தில் செய்யும் திராட்சைப் பணியாரம் பிரசித்தம். கொடி மதுவுக்கு மட்டும் பிறக்கவில்லை.

ஏரிக்கு யார் காவல்?

இத்தனை நாள் கொடியை ஏரி காத்தது. இப்போது ஏரியையும் காக்க வேண்டி வந்திருக்கிறது. செனெகாவின் தென்முனையில் பூமிக்கடியில் பழைய உப்புக் குகைகள் இருக்கின்றன. அவற்றில் எரிவாயுவைச் சேமித்து வைக்க ஒரு நிறுவனம் திட்டம் போட்டது. ஏரி பல ஊர்களுக்குக் குடிநீர். 2014 முதல் ஊர்மக்கள் ஆலை வாசலில் மறியல் செய்து கைதானார்கள். ஒயின்காரர்களும் எதிர்ப்பில் முன்னே நின்றார்கள். 2018 ஜூலையில் மாநிலச் சுற்றுச்சூழல் துறை திரவ எரிவாயுச் சேமிப்புக்கு அனுமதி மறுத்துவிட்டது. ஏரிகளைத் தூர்த்து நகரம் கட்டிய ஊரில் வாழும் நமக்கு இது சின்னச் செய்தி அல்ல.

2020-இல் புள்ளி விளக்குப்பூச்சி என்னும் அயல் பூச்சி இத்தாகா நகரில் தென்பட்டது. ஆசியாவிலிருந்து வந்தது, திராட்சைச் சாற்றை உறிஞ்சுவது. பிறகு 2023 மே 18 அதிகாலை. வசந்தம் முன்கூட்டியே சூடாகிக் கொடிகள் துளிர்த்துவிட்ட பிறகு கடும் உறைபனி விழுந்தது. ஒரே இரவில் பல தோட்டங்களில் துளிர் கருகியது. நான் போனது அதே ஆண்டு. ஏரியை ஒட்டிய சரிவு பெரும்பாலும் தப்பியது, மேட்டுத் தோட்டத்தில் பாதிக்கு மேல் போயிற்று என்று அந்த ஒயின்காரர் கொடிகளைக் காட்டினார். திராட்சைக் கணுவில் ஒரு மொட்டுக்குள் மூன்று மொட்டு இருக்கும். முதல் மொட்டு செத்தால் இரண்டாவது துளிர்க்கும், ஆனால் பழம் குறைவு. அந்த இரண்டாம் மொட்டில் வந்த கொஞ்சம் குலைகளைத்தான் அன்றைக்கு அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவ்வளவு நஷ்டத்துக்குப் பிறகும் கொடியைப் பிடுங்கிவிட்டு வேறு பயிர் வைக்கலாமே என்று கேட்டேன். மண் அணைக்க அடுத்த மாதம் டிராக்டர் வரும் என்று மட்டும் பதில் சொன்னார்.

ஒட்டுக்கொடியில் வேர் அந்த மண்ணுக்கு உரியது, பழம் பழைய ஊர்ச் சுவையுடையது. ரீஸ்லிங் கொடி அமெரிக்க வேரில் நின்றாலும் ரீஸ்லிங்காகவே காய்க்கிறது. வேரும் அதனால் கெட்டுவிடவில்லை. இரண்டும் சேரும் இடம் மட்டும் என்றைக்கும் மென்மையாகவே இருக்கும், அதற்கு வருஷம் தவறாமல் மண் அணைக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் வந்து சங்கம் வைத்து, பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பும் ஆண்டு மலரும் நடத்துகிற நாமும் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். இந்த ஆண்டுக்கு அணைத்தாயிற்று, அடுத்த ஆண்டும் அணைக்க வேண்டும்.